செங்கடலில் குடைக்காரர்

அந்தப் படத்தில் மனிதர்கள் எறும்பளவு இருந்ததுதான் எல்லா வம்புக்கும் காரணம். ஆளுக்கு ஒரு முகம், மூக்கு, முழி என்று இருந்திருந்தால் நான் என் பாட்டுக்கு வேலையை முடித்துக் கையைக் கழுவியிருப்பேன்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம் அது. நான் நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா எழுதிப் பிழைத்தவன். தர்பார், நந்தவனம், காடு, தெரு என்று நாலு படுதா இருந்தால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும் எந்த நாடகத்தையும் போட்டுவிடலாம். யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. விளக்கில்லாமல் நாடகம் ஏது? கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. எனக்கோ சும்மா இருந்தால் கை அரிக்கும், கால் ஓரிடத்தில் தரிக்காது, கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். தெருவில் நாய் குரைத்தால்கூட என்னைத்தான் வைகிறது என்று சண்டைக்குப் போகிற ஆள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே வாழைத் தோட்டங்களை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருந்த வேதக்கோயிலின் போதகர் என்னைத் தேடி வந்தார். மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர், பட்டாளத்துக்குப் போகும்போது தன் பங்களாச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சீமையில் யாரோ வர்ணத்தில் எழுதியதை அச்சில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பூசணம் பிடித்து, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதைப் பார்த்து, கோயில் பின்சுவர் முழுக்க அடைக்கிற மாதிரி வர்ணத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

"இது என்ன படம்யா?" என்றேன்.

"மோசே சனங்களக் கூட்டிக்கிட்டுச் செங்கடலக் கடக்குறாரு தம்பி. எகிப்து ராசா சேனையோட துரத்திட்டு வாரான். முன்னால கடலு, பின்னால எமன். கடவுள் தண்ணியப் பிளந்து வழி விடுறாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதிப் படம் வானம், கறுத்துத் திரண்ட மேகம். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் மலை மாதிரி நிமிர்ந்த தண்ணீர். நடுவே வாய்க்கால்போல ஒரு பாதை, அதில் எள்ளைச் சிந்தியதுபோல் சனம். மோசே எங்கே என்று கேட்டதற்கு, பாறை மேல் கொசு உட்கார்ந்ததுபோல் இருந்த ஒரு கோட்டைக் காட்டினார்.

"சாமிய இத்தினிக்காணு போட்டா எவன் கும்பிடுவான்? எங்க படுதாவுல கிருஷ்ணர் வந்தா ஆளு ஒசரத்துக்கு வருவாரு" என்றேன்.

"மோசே சாமி இல்லப்பா, மனுசன். மனுசன் இம்புட்டுத்தான். நீ உள்ளத உள்ளபடி எழுது. ஒரு ஆளு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

புதுத் துணிக்கு எங்கே போவது? என்னிடம் கிடந்த பழைய தர்பார் படுதாவை ஆற்றில் போட்டு அலசி, கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கட்டினேன். வர்ணம் முழுசாகப் போகவில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும், கடலுக்குள்ளிருந்து அரண்மனைத் தூண்கள் எட்டிப் பார்க்கும். அச்சுப் படத்தின்மேல் நூல் கட்டிச் சின்னச் சின்னக் கட்டம் போட்டேன். படுதாவின்மேல் காவிப்பொடி தேய்த்த கயிற்றைச் சுண்டிப் பெரிய கட்டம் போட்டேன். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு ஏற்றுவதுதான் எங்கள் தொழில்.

ஆனால் கடலை நான் கண்டவனில்லை. நான் பார்த்த பெருந்தண்ணீர் எல்லாம் பெரியாற்றுத் தண்ணீர்தான். அதனால் லோயர் கேம்ப்புக்குப் போய், மலையைக் குடைந்து வந்து விழுகிற தண்ணீரை ஒரு பகல் முழுக்க முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நுரையையும் அந்த வேகத்தையும் கொண்டுவந்து இரண்டு பக்கமும் நிறுத்தினேன். போகிற வருகிற சம்சாரிகள் கொட்டகைக்குள் தலையை நீட்டுவார்கள். "ஏம்ப்பா, இம்புட்டுத் தண்ணியப் படத்துல நிப்பாட்டி வச்சிட்டா வயலுக்கு எப்ப விடப் போற?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்யா வேலையப் பாத்துக்கிட்டு என்று விரட்டினேன்.

இனி அக்காவைச் சொல்லாமல் ஓர் அடி நகர முடியாது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போன பிறகு எனக்குச் சோறாக்கிப் போட்டு ஆளாக்கியவள் அவள்தான். மச்சானுக்கு ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடை பார்க்கிற வேலை. இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை தகரப் பெட்டியும் கறுப்புக் குடையுமாக வந்து இறங்குவார். மழையோ வெயிலோ மேகமோ, அந்தக் குடை விரியாமல் அவர் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை குட்டி கிடையாது. அவர் ஊரில் இல்லாத காலமெல்லாம் அக்கா என் வீட்டில் இருப்பாள்.

குண்டு விழுந்ததோடு மச்சானிடமிருந்து காகிதம் வருவது நின்றது. கப்பலும் நின்றது. நம் ஆட்கள் பர்மாவிலிருந்து காட்டையும் மலையையும் தாண்டி நடந்தே வருகிறார்கள் என்று போதகர் பத்திரிகை பார்த்துச் சொன்னார். ஒரு மாத நடை என்றும் போட்டிருந்ததாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவுக வெறும் வயித்தோட நடக்கையில எனக்கு என்னடா சோறு?" என்பாள். கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், பிறகு மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். தேனிக்கு வருகிற ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்குப் பிடுங்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, "அவுக வந்து எறங்குற வரைக்கும் பொறுக்க மாட்டானுகளா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். நானும் தினம் காலையில் தபாலாபீசுக்கு ஓடுவேன். ஒன்றும் இருக்காது. அந்த எரிச்சலை அன்றைக்கு யார் கண்ணில் படுகிறார்களோ அவர்கள்மேல் காட்டுவேன்.

மத்தியானம் அக்கா எனக்குச் சோறு கொண்டு கொட்டகைக்கு வருவாள். நான் சாப்பிடும் வரை படுதாவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் சனக் கூட்டத்தைக் காட்டி இவர்களெல்லாம் யார் என்று கேட்டாள். போதகர் சொன்ன கதையைச் சொன்னேன்.

"எல்லாருங் கரை சேந்தாகளா?"

"சேந்தாகளாம். ஒருத்தர் பாக்கியில்லாம."

"அம்புட்டுப் பேரும் நடந்தேவா?"

"பின்ன, பல்லாக்கா வச்சு விட்டாக? நடந்துதான்."

அக்கா படுதாவுக்குக் கிட்டப் போனாள். "அப்ப உங்க மச்சானையும் இதுல ஒரு ஓரமா எழுதுடா" என்றாள்.

"உனக்கென்ன கிறுக்கா? இது வேதக் கதை. மச்சான் எங்கன இருந்து வந்தாக இதுல? ஒரு ஆளு கூடப்படாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு."

"இந்தக் கூட்டத்துல ஒரு ஆளு கூடுனா யாருக்குத் தெரியப் போகுது? எழுது. எழுதுனாத்தான் சோறு" என்று தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். சனத்துக்கு வாலாக, எகிப்துக் கரையோரம் வெள்ளையில் நெல்மணி உயரத்துக்கு ஓர் ஆள் வைத்தேன். தலைக்கு மேல் கறுப்பில் மிளகளவு ஒரு குடை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா குனிந்து, மூக்குப் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "ஆத்தாடி! கொடைய விட்டுக் குடுக்காம வாராக பாரேன்!" என்று சிரித்தாள். அவள் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது. அன்றைக்கு எனக்குப் போட்ட சோற்றிலிருந்து அவளும் ஒரு கை அள்ளிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "என்னடா, நேத்து நின்ன எடத்துலயே நிக்கிறாக?" என்றாள்.

"படத்துல இருக்கிற ஆளு எப்படிக்கா நடப்பாரு?"

"நீ நடத்து."

சொல்லிவிட்டு எகிப்துக் கரையிலிருந்து அந்தப் பக்கத்துக் கரை வரைக்கும் விரலை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தாள். முப்பது விரக்கடை வந்தது. "ஒரு மாச நடைன்னு ஐயா சொன்னாகல்ல? நாளைக்கு ஒரு விரக்கடை" என்றாள். அவளே கணக்குப் போட்டு அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

எங்கள் வர்ணம் வஜ்ஜிரப் பசையில் குழைத்தது. ஈரத் துணி பட்டால் கரைந்து வந்துவிடும். பழைய ஆளைத் துடைத்து, அந்த இடத்தில் மணல் நிறத்தை அடைத்து, ஒரு விரக்கடை தள்ளிப் புதிதாக ஓர் ஆளை வைப்பது பெரிய வேலை இல்லை. வைத்தால் அவள் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கஞ்சியும் தொண்டையில் நிற்கும். நான் என்ன செய்ய? நகர்த்தினேன். ஒருநாள் பலத்த மழை பிடித்தது. "அங்கனயும் பெய்யுமோ என்னமோ, வழுக்கும். இன்னைக்கு ஒரு நாளு உக்காந்துட்டுப் போகட்டும், நகத்தாத" என்றாள். இன்னொரு நாள் பக்கத்தில் மூட்டை சுமந்த ஒரு பொம்பளையைக் காட்டி, "இவளுக்குப் பின்னால விடாதடா, முன்னால விடு, அவுகளுக்குக் கூட்டம்னா ஆகாது" என்றாள். பாதி வழி நெருங்கியபோது கொண்டையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் மச்சான் வருகிற தேதி தெரிந்தால்தான் பூ வாங்குவாள்.

எனக்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. விடிந்ததும் முதல் காரியம் மச்சானை நகர்த்துவது. அதைச் செய்யாமல் பல் விளக்கப் போனால்கூட, அவர் எங்கேயோ கால் தடுக்கி விழுந்துவிட்டார் என்று மனசு அடித்துக்கொள்ளும். மேகம் எழுத வேண்டிய நேரத்தில் அந்த ஒரு நெல்மணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து நடப்பேன், தபாலாபீசுக்குப் போவேன், வாய்க்கால் கரையில் நடப்பேன், திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன்.

போதகர் கண்ணில் படாமல் இருக்குமா? ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"தம்பி, இது யாரு?"

"சனத்துல ஒரு ஆளுய்யா."

"கையில என்ன?"

"கோலு."

"கோலு தலைக்கு மேல வட்டமா விரிஞ்சிருக்கு? அந்தக் காலத்துல கொடை ஏதுப்பா? அது கெடக்கட்டும், முந்தாநாளு இந்தப் பாறைக்குப் பின்னால நின்னான், இன்னைக்கு முன்னால நிக்கிறான். என்னய என்ன கண்ணு தெரியாத கெழவன்னு நெனச்சியா?"

"அப்ப நீங்களே எழுதிக்கங்க!" என்று பிரஷைத் தண்ணீர்ச் சட்டியில் எறிந்துவிட்டுக் கிளம்பினேன். கூடலூர்ப் பாதையில் கால் போன போக்கில் நடந்து, வெயில் தாழ்ந்த பிறகு வெட்கத்தோடு திரும்பினேன். அதற்குள் அக்கா வந்து மச்சான் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் போலிருக்கிறது. போதகர் வேறு மாதிரி இருந்தார். "எழுதுப்பா. கோயில் பிரதிஷ்டைக்கு முந்தி அவரக் கரையேத்திக் கூட்டிட்டுப் போயிரு. அம்புட்டுத்தான் நான் கேக்குறது" என்றார்.

மச்சான் பதினாறாவது விரக்கடையில் இருந்தபோது காகிதம் வந்தது.

தபாலாபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். எழுதியவர் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், ரங்கூனில் மச்சான் இருந்த தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். அசாமில் ஒரு முகாமில் இருந்து எழுதியிருந்தார். இருவரும் சேர்ந்தே நடந்திருக்கிறார்கள். வழியில் மச்சானுக்கு வாந்திபேதி கண்டிருக்கிறது. மலையிலேயே முடிந்துவிட்டது. 'இன்னும் இரண்டே நாள் நடை பாக்கி. நடந்திருந்தால் ரயிலடி வந்திருப்போம். அங்கேயே குழி தோண்டி அடக்கம் செய்தேன். உங்கள் முறைப்படி செய்ய வழியில்லை. பொறுத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. மேலே தேதியைப் பார்த்தேன். ஒன்றரை மாதம் முந்திய தேதி. நான் மச்சானை எகிப்துக் கரையில் எழுதிய நாளிலேயே அவர் உயிரோடு இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரை மட்டும் விட்டுவிட்டுத் தான் பிழைத்து வந்தாரே என்று அந்த ராவுத்தர்மேல்கூட ஆத்திரப்பட்டேன். குழி தோண்டிப் போட்ட புண்ணியவானை வைத மனுசன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். மத்தியானம் அக்கா வந்தாள், கொண்டையில் பூவோடு. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தெருப் பொம்பளைகள் கூடி அவள் பூவைப் பிய்த்து வளையலை உடைக்கிறது கண் முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். சொல்லத் தைரியமில்லை, அதுதான் நிசம்.

சரி, பொய்யாகவாவது நகர்த்தலாம் என்றால் அதுவும் முடியவில்லை. பிரஷை எடுத்துக் கிட்டக் கொண்டு போய், திரும்பச் சட்டியிலேயே போட்டேன். செத்தவரை எப்படி நடத்துவது? "கறுப்பு வர்ணந் தீந்துபோச்சு, வந்ததும் நகத்துறேன்" என்று சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். அவள் சோறு வைத்தாள், தானும் இரண்டு வாய் சாப்பிட்டாள், போய்விட்டாள். நான் ஏணியில் ஏறி வானத்தைப் பிடித்துக்கொண்டேன். மேகத்தை எழுதினேன், எழுதினதற்கு மேல் எழுதினேன். கீழே இறங்கவே பயமாக இருந்தது. "சோத்த வச்சிட்டுப் போயேன், சும்மா வந்து வந்து நிக்காத!" என்று மூன்றாம் நாள் அவள்மேல் சள்ளென்று விழுந்தேன். தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனாள். பிரதிஷ்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள், திறக்கவில்லை. படுதாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாலஞ்சு நாளா அவுக நகரலையே?"

"அதான் கறுப்புத் தீந்துபோச்சுன்னேன்ல."

"மேகம் பூராக் கறுப்பாத்தான இருக்கு?"

 அவள் திரும்பி, ஏணியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"தபால் எப்ப வந்துச்சு?"

நான் வானத்துப் பக்கம் திரும்பி மேகத்தில் பிரஷை வைத்தேன்.

"ஏலே, உன்னயத்தான். எப்ப வந்துச்சு?"

"அஞ்சு நாளாச்சுக்கா."

கத்துவாள், மயங்கி விழுவாள் என்று ஏணியிலிருந்து குதித்தேன். அவள் விழவில்லை. கையைப் பின்னால் கொண்டு போய்க் கொண்டையிலிருந்த பூவை உருவினாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு நாளு என்னய இந்தப் பூவோட தெருவுல நடக்க விட்டிருக்க" என்றாள்.

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை.  பூவைக் கீழே வைத்துவிட்டு, "படி" என்றாள். இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தேன். வேர்வையில் நனைந்து எழுத்து ஊறியிருந்தது. படித்தேன். வாந்திபேதி என்ற இடத்தில் அவள் கண்ணை மூடினாள். அடுத்த வரியில் திறந்தாள்.

"என்ன சொன்ன? அத இன்னொருக்காப் படி."

"இன்னும் இரண்டே நாள் நடை பாக்கி."

படுதாகிட்டப் போனாள். அந்தப் பக்கத்துக் கரையில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி அளந்தாள். ஒன்று, இரண்டு. அங்கேயே நிறுத்தினாள். நான் வைத்த ஆள் அந்த விரலுக்கு எங்கேயோ பின்னால், கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காகடா. நீ என்னடான்னா பாதி வழியில நிப்பாட்டி வச்சிருக்க" என்றாள். குரல் உடையவில்லை. என்மேல் கோபம்தான் இருந்தது. "கொண்டாந்து இங்கன வையி."

ஈரத் துணியை எடுத்துப் பழைய இடத்தைத் துடைத்தேன். மணலை அடைத்தேன். வெள்ளையைத் தொட்டுக்கொண்டு வந்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. அவள் நகத்தை ஒட்டி நான் அவரை எழுதினேன். எழுதி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அக்கா வாய்விட்டு அழுதாள்.